கண்டியிலிருந்து இரண்டேகால் மணித்தியாலம்

1

போன வாரம் கண்டி வாவிக்கு மேலே ஓர் ஆகாய விமானம் பறந்து போயிற்று. அரசாங்கக் கச்சேரி, கடை, பள்ளிக்கூடம் எதிலும் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் வேலை நடக்கவில்லை. சந்தையில் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்த ஒருவர் தராசைத் தூக்கிய கையோடு அண்ணாந்து நின்றாராம். நான் கிளார்க்காக இருக்கும் ரயில் கூட்ஸ் ஷெட்டுக்கு மிளகு மூட்டை கொண்டுவந்திருந்த மடவளை ஊர் முஸ்லிம் பெரியவர், நாநா என்று நாங்கள் அழைப்பவர், விமானம் மலைக்குப் பின்னால் மறையும்வரை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கிளார்க் ஐயா, அதுக்கு ஸ்டேஷன் எங்க?"

எனக்குத் தெரியவில்லை. ரயில்வேக்காரனுக்கு அதுவும் தெரிந்திருக்கும் என்று அவர் நம்பியது பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் பேச்சு வளரும் முன் மூட்டைகளுக்கு நடுவே போய்க் குனிந்து எதையோ தேடுகிறவன்போல நின்றுகொண்டேன். ஆகாய விமானம் என்ற பெயரைக் கேட்டாலே எனக்குக் காது சிவந்துவிடும். காரணம் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததோடு நில்லாமல் சுற்றுப்பட்ட ஊர்களிலும் சொல்லி வருகிறார்கள் என்றும், சொல்லச் சொல்லக் கதை வளர்கிறது என்றும் கேள்வி. ஒரு கதையில் நான் பாராசூட்டில் குதித்தேனாம். ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

2

திருநெல்வேலிக்குத் தெற்கே, பனையும் குளமும் ஒரு மாதா கோயிலும் உள்ள சின்ன ஊர் எங்களுடையது. அங்கிருந்து கண்டிக்கு நான் வந்து பத்து வருஷம் முடிந்துவிட்டது. முதல் தடவை வந்தபோது மண்டபம் முகாமில் ஆறு நாள் இருந்தேன். அக்கரையிலிருந்து காலராவும் அம்மையும் இலங்கைக்குப் போய்விடக்கூடாது என்பதற்காக வைத்திருந்த முகாம் அது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற சனங்களோடு நானும் வரிசையில் நிற்பேன். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வார், நீட்டுவேன். மறுநாளும் நீட்டச் சொல்வார். ஆறு நாளும் அது ஒரே நாக்காகத்தான் இருந்தது என்று உறுதியான பிறகு கப்பலில் ஏற்றினார்கள். அன்றிலிருந்து கண்டி எவ்வளவு தூரம் என்று ஊரில் யார் கேட்டாலும் எட்டு நாள் என்று எழுதிவந்தேன்.

சொந்த ஊருக்கு எட்டு நாள் தூரத்தில் இருப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. எதற்கும் போக முடியாமல் போனதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. அக்காள் மகனுக்கு முதல் நன்மை கொடுத்தபோது போகவில்லை. அக்காள் புதுவீடு புகுந்தபோதும் போகவில்லை. என் கல்யாணத்துக்கு மட்டும் போனேன், போகாமல் தீராது. லூர்தைக் கூட்டிக்கொண்டு வந்தேன், பிலோமி கண்டியில் பிறந்தாள், இப்போது ஒன்பது வயது.

பிலோமி பேசுகிற தமிழ் எங்கள் இருவருடையதும் இல்லை. ரொட்டியைப் பாண் என்பாள். அதை இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். நாற்காலியைக் கதிரை என்பாள். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து "ஓம்" என்பாள். கல் பிடித்து விளையாடும்போது சிங்களத்தில் எண்ணுவாள். "தமிழில் எண்ணு" என்று நான் அதட்டினால், "தமிழ்ல எண்ணினா கல்லு கீழ விழுந்துரும் அப்பா" என்கிறாள்.

இப்படி இருக்கும்போதுதான் என் அக்கா மரியம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. அவளுக்கு எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல என் அத்தான் சவரிமுத்து எழுதுவார். இந்தத் தடவை சொன்னது சொன்னபடியே எழுதியிருந்தார்.

"தம்பி அருளப்பனுக்கு. செல்லத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. வைகாசி கடைசிச் சனிக்கிழமை. தாய்மாமன் வராமல் என் மகளைக் கோயில் படி ஏற்றமாட்டேன். எட்டு நாள் தூரம் என்று எழுதினால் அதோடு சரி. இனிமேல் கடுதாசி போடாதே."

கடிதத்தை லூர்திடம் வாசித்துக் காட்டினேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கை நிற்காமலே சொன்னாள்: "போறோம். நீங்க லீவு கேட்கிறீங்களா, நான் வந்து கேட்கட்டுமா?"

3

லீவு கிடைத்தது. நான் கேட்டதும் கிடைத்துவிட்டதால் ஒரு உற்சாகம் வந்துவிட்டது. அந்த உற்சாகத்தில்தான் தப்பு நடந்தது.

ஷெட்டில் எனக்கு எதிர் மேசைக்காரர் கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர், பத்திரிகையை விளம்பரம் உட்பட வாசிக்கிறவர். அன்று தபால் கொண்டுபோகும் விமானங்களைப் பற்றி ஏதோ வந்திருந்தது.

"பாரும் அருளப்பன், ஒரு மணித்தியாலத்துக்கு நூறு மைல் பறக்குதாம்."

"அப்படியானால் எங்கள் ஊருக்கு எவ்வளவு நேரம்?"

"உங்கட ஊர் எங்க கிடக்கு? படத்தில காட்டும்."

சுவரில் இருந்த படத்தில் ரயில் பாதைகள் மட்டும்தான் இருந்தன; கடலுக்கு அப்பால் ஒன்றுமில்லை. மறுநாள் கனகசபை தன் மகனுடைய பள்ளிக்கூட அட்லாஸைக் கொண்டுவந்தார். சரக்குச் சீட்டு கட்டுகிற நூலை எடுத்து, கண்டியில் ஒரு நுனியை நான் பிடித்துக்கொண்டேன், திருநெல்வேலியில் மறு நுனியை அவர் வைத்தார். அளவுகோலில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய இருநூற்றிருபது மைல்.

"ரெண்டேகால் மணித்தியாலம்," என்றார் கனகசபை.

நான் திரும்பவும் அளந்தேன். நூலை இழுத்துப் பிடித்தும் அளந்தேன், தளர்த்தியும் அளந்தேன். இரண்டேகால்தான். பத்து வருஷமாக எட்டு நாளுக்கு அப்பால் இருந்த அக்கா, திடீரென்று பக்கத்து ஊரான கம்பளைக்குக் குடிவந்துவிட்டதுபோல இருந்தது. இவ்வளவு பக்கத்திலா இருந்தாள் என்று இன்னொரு தடவை நூலை வைத்துப் பார்த்தேன். கனகசபை அட்லாஸைச் சுருட்டப்போய், அது சுருளாது என்று தெரிந்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று சாயந்திரமே கடிதம் எழுதினேன். எழுதிய வரிகள் எனக்கு இன்னும் மனப்பாடம்:

"அக்கா, நீ நினைப்பதுபோல் நாம் தூரத்தில் இல்லை. ஆகாய விமானத்தில் ஏறினால் கண்டியிலிருந்து இரண்டேகால் மணித்தியாலத்தில் நம் ஊர்க் குளத்தில் வந்து இறங்கிவிடலாம். செவ்வாய்க்கிழமை காலை புறப்படுகிறோம்."

இதில் பிழை என்ன என்று இங்கே உள்ள எவருக்கும் தெரியாது. மணித்தியாலம் என்றால் ஒரு மணி நேரம். சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் ஊரில் இருந்தவரை அந்தச் சொல்லை நான் கேட்டதேயில்லை. பத்து வருஷத்தில் எந்த நாள் அது என் பேனாவுக்குள் வந்து உட்கார்ந்தது என்று எனக்கே தெரியாது.

4

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீட்டைப் பூட்டினோம். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு, செல்லத்துக்குச் சேலை, ஊருக்கெல்லாம் தேயிலை. கண்டியிலிருந்து பொல்காவலைக்கு ஒரு ரயில். அங்கே இறங்கிக் காத்திருந்து தலைமன்னாருக்கு ஒரு ரயில். பிலோமி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் "இதுதான் உங்க ஊரா?" என்று கேட்டாள். நம்ம ஊர் என்று சொல்லு என்றேன். "நம்ம ஊர் கண்டிதானே?" என்றாள். லூர்து என்னைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன்.

புதன்கிழமை தலைமன்னாரில் கப்பலேறினோம். லூர்து இரண்டாம் தடவையாகக் கடல் தாண்டுகிறவள். எல்லாம் பழக்கமானவள்போல மகளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே ஏறினாள். கரை மறைவதற்குள் பேச்சு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு தனுஷ்கோடிவரை அவள் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக் கடல் பக்கமே குனிந்திருந்தாள். பிலோமி அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, எத்தனை தடவை என்று சிங்களத்தில் எண்ணினாள்.

தனுஷ்கோடியில் சுங்க உத்தியோகஸ்தர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். தேயிலைப் பொட்டலங்களைப் பார்த்துவிட்டு, "வியாபாரமா?" என்றார். "இல்லை, சொந்தக்காரர்களுக்கு." "எத்தனை சொந்தக்காரர்கள்?" பெயர் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பதினேழாவது பெயரில் அவருக்கே அலுத்துவிட்டது. பிறகு மதுரைக்கு ஒரு ரயில், திருநெல்வேலிக்கு ஒரு ரயில், அங்கிருந்து ஒரு பஸ், பஸ் நின்ற இடத்திலிருந்து கட்டை வண்டி. வியாழக்கிழமை காலை பதினொரு மணி வெயிலில் எங்கள் ஊர்ப் பனைகள் தெரிந்தன.

5

ஒரு பனையின் உச்சியில் ஆள் உட்கார்ந்திருந்தான். பதனீர் இறக்குகிறானோ என்றால் கையில் கலயம் இல்லை. வண்டி கிட்டே வந்ததும் மேலேயிருந்தே கூப்பிட்டான்.

"ஏ வண்டிக்காரரே! வாற வழியில ஏரோப்ளேன் எதுவும் பாத்தியளா?"

"இல்லியே," என்றார் வண்டிக்காரர். "யாருக்கு?"

"கண்டி மாமாவுக்கு!"

லூர்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். கப்பலை விட்டு இறங்கியபோதுகூட அவள் முகம் அப்படி வெளுத்திருக்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் குளம் வந்தது. வைகாசியில் வற்றிக் கிடக்கிற குளம்தான். ஆனால் முள்ளெல்லாம் வெட்டி, கல்லெல்லாம் பொறுக்கி, நடுவில் சுண்ணாம்பால் பெரிய வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்தின் ஓரத்தில் கம்பு நட்டு வேட்டி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். கரையெல்லாம் ஓலைப்பந்தல். பந்தல் நிழலிலிருந்து அத்தான் ஓட்டமும் நடையுமாக வந்து வண்டியை வழியிலேயே நிறுத்தினார்.

"மாப்ளே, எறங்காத. தலையைக் காட்டாத. எங்கடே ஆகாயக் கப்பல்?"

"எந்த ஆகாயக் கப்பல் அத்தான்?"

அவர் மடியிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். மடித்து மடித்து அது துணிமாதிரி ஆகியிருந்தது. "நீதான எழுதியிருக்க? செவ்வாய்க்கெழம பொறப்படுதோம், ரெண்டேகால் மணிக்குக் குளத்துல எறங்குதோம்னு?"

"இரண்டேகால் மணித்தியாலம் என்று எழுதினேன். அவ்வளவு நேரம் ஆகும் என்று. ஏறினால் என்றுதான் எழுதியிருக்கிறேன்."

அத்தான் கடிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் மறுபடி வாசித்தார். "தியாலம்னா இலங்கை மணின்னுல்லா நெனச்சேன்," என்றார் மெதுவாக.

என் கடிதத்தை அவர் கூட்டம் சேர்த்துச் சத்தமாக வாசித்துக் காட்டியிருந்தார். செவ்வாய்க்கிழமை இரண்டேகால் மணிக்கு மூன்று ஊர்ச் சனமும் குளத்தங்கரையில் நின்றிருக்கிறது. சாமியார் குடை பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். மாப்பிள்ளையின் தகப்பனார் மிக்கேல், தன் கடலோர ஊரிலிருந்து நான்கு வண்டி நிறையச் சொந்தபந்தங்களை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பெண்ணின் மாமன் ஆகாயத்தில் வருகிறான் என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். மணி ஐந்தாகியும் காணவில்லை என்றதும், அவர் கேட்ட கேள்விக்கு அத்தான் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்: எதிர்காற்று, மதுரையில் இறக்கிவிட்டார்கள், தந்தி வந்திருக்கிறது. அந்தத் தந்தியை நம்பி அவர்கள் புதன்கிழமையும் வந்தார்கள். வியாழக்கிழமையும் வந்து, இப்போது அக்கா வீட்டில் மோர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"மதுர வரைக்கும் பறந்து வந்தேன்னு ஒரு வார்த்த சொல்லிரு மாப்ளே," என்றார் அத்தான். "மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன். தந்தி பொய்னு தெரிஞ்சா அந்த மனுசன் எந்திரிச்சுப் போயிருவாரு. புள்ளைக்கு நாளக்கழிச்சுக் கல்யாணம்."

6

வீட்டு வாசலில் அக்கா நின்றாள். என் கல்யாணத்துக்குப் பிறகு போன ஒன்பது வருஷமும் அவள் தலையில் வெள்ளையாக இறங்கியிருந்தது. பிலோமியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளையின் கால் தரையில் இழுபட்டது. "என்ன சாப்பிடுத, என் ராசாத்தி?" என்றாள்.

"பாண் இருக்கா?" என்றாள் பிலோமி.

"பாணா? அது யாருளா?"

அதற்குள் வாசலில் போட்டிருந்த கல்யாணப் பந்தலிலிருந்து மிக்கேல் எழுந்து வந்துவிட்டார். நல்ல உயரம், பெரிய மீசை, புதுச் சட்டை. பின்னால் அவருடைய ஆட்கள். "வாரும், வாரும்! மதுர வரைக்கும் ஆகாயத்துல வந்தீராமே. ஆகாயம் எப்பிடி இருந்துச்சு?"

அத்தான் என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து செல்லத்தின் வளையல் கை மட்டும் தெரிந்தது.

"மேகமாக இருந்தது," என்றேன். அது உண்மைதான், வழியெல்லாம் மேகம்.

"நல்ல உசரமா?"

"கண்டியே உயரமான இடந்தானே." அதுவும் பொய்யில்லை.

"தல சுத்தலியா?"

இதற்கு நான் உண்மையும் பொய்யும் கலந்து ஒன்று தயாரிப்பதற்குள், அக்கா இடுப்பிலிருந்து பிலோமி பதில் சொல்லிவிட்டாள். "அம்மாவுக்குத்தான் சுத்திச்சு. கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டே வந்தாங்க."

எல்லோரும் தலையசைத்தார்கள். ஆகாயக் கப்பல் என்றால் வாந்தி வரத்தானே செய்யும் என்று ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். அத்தானுக்கு உயிர் வந்தது.

"கப்பல்லேருந்து கீழ பாத்தியா தாயி? என்ன தெரிஞ்சுச்சு?" என்றார் மிக்கேல் ஆசையோடு.

"தண்ணி," என்றாள் பிலோமி. "கிட்டத்துல. ஒரு மீன் துள்ளி எம் மேல தெறிச்சுச்சு."

மிக்கேல் மீசையிலிருந்து கையை எடுத்தார். மீன் எவ்வளவு உயரம் துள்ளும் என்று கடலோரத்து மனிதருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி நான்தான் பேசவேண்டும் என்று தெரிந்தது. "நான் பறக்கவில்லை," என்றேன். "எங்களிடம் விமானமும் இல்லை, அதில் ஏறுகிற வசதியும் இல்லை. கண்டியில் உட்கார்ந்து அட்லாஸில் நூலை வைத்து அளந்தேன். இரண்டேகால் மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று தெரிந்ததும் சந்தோஷம் தாங்காமல் எழுதிவிட்டேன். அத்தான் பேரில் தப்பில்லை. நான் எழுதினது யாருக்கும் புரியாத தமிழ்."

"அப்ப தந்தி?"

"எனக்காகச் சொன்னது அது. அதுவும் என் கணக்கில்தான்."

மிக்கேலின் முகம் கறுத்தது. "மூணு நாளா எங்க சனத்த வெயில்ல அண்ணாந்து பாக்க வச்சிட்டிய. எங்க ஊருக்குள்ள நான் எந்த மொகத்தோட போவேன்? இந்தச் சம்மந்தத்தப் பத்தி கொஞ்சம் ரோசிக்கணும்."

கதவுக்குப் பின்னால் வளையல் கை மறைந்தது. அப்போதுதான் லூர்து பேசினாள். பயணத்தில் கசங்கிய சேலை, வாடிய முகம், ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு கேட்கிறேன். ரெண்டேகால் மணியில ஆகாயத்துல வந்து இறங்கிறவங்களுக்கு என்ன கஷ்டம்? சொகுசா வந்து, சொகுசாப் போயிருவாங்க. நாங்க நாலு ரயில், ஒரு கப்பல், ஒரு பஸ்ஸு, ஒரு வண்டி. நேத்து கப்பல் ஏறினதிலிருந்து எனக்கு ஒரு வாய் சோறு உள்ள நிக்கல. இந்தப் புள்ள கல்யாணத்துக்குன்னுதான் வந்தோம். இதுல உங்களுக்கு மரியாதை குறைஞ்சிருச்சா?"

மிக்கேலின் மனைவி எழுந்து வந்து ஒரு செம்புத் தண்ணீரை லூர்திடம் நீட்டினாள். குடித்தவளைத் தோளில் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். மிக்கேல் நின்றபடியே இருந்தார். உட்காரவும் மனமில்லை, போகவும் முடியவில்லை. பிலோமி இறங்கிப்போய், சாமியாருக்காகப் போட்டிருந்த நாற்காலியைக் கரகரவென்று இழுத்துவந்தாள்.

"தாத்தா, கோவப்படாதீங்க. இந்தக் கதிரையில இருங்க."

"என்னது?"

"கதிரை. கதிரை கொண்டாந்திருக்கேன்."

மிக்கேல் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஆகாயக் கப்பல்னு சொன்னிய, வரல. இப்பக் குதிரன்னு சொல்லுதிய. எங்க குதிர?"

முதலில் சிரித்தது அவருடைய மனைவிதான். பிறகு பந்தல் முழுக்கச் சிரித்தது; கதவுக்குப் பின்னாலும் சிரிப்புக் கேட்டது. மிக்கேல் நாற்காலியைப் பார்த்தார், பிலோமியைப் பார்த்தார், மீசை துடித்தது. உட்கார்ந்துவிட்டார்.

"மூணு நாளுக்கு முன்னாடியே சொல்லியிருந்தா இந்தப் புதுச் சட்டயாவது மிச்சம்," என்றார். "அந்த ஆகாயக் கப்பல்ல ஒரு சுத்து சுத்திப் பாக்கணும்னு தச்சது."

7

சனிக்கிழமை காலை கல்யாணம் நடந்தது. தாய்மாமனாகச் செல்லத்தின் கையைப் பிடித்துக் கோயில் படியேற்றினேன். குளத்தங்கரையில் போட்டிருந்த பந்தல் வீணாகக்கூடாது என்று அதைக் குளத்துக்குள் நகர்த்தி விருந்தை அங்கேயே வைத்தார்கள். சுண்ணாம்பு வட்டத்துக்குள் முதல் பந்தி.

திரும்புகிற அன்று அக்கா திருநெல்வேலி ஸ்டேஷன்வரை வந்தாள். ரயிலையே அவள் அதிகம் பார்த்தவளில்லை. வண்டி புறப்படும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிலோமியிடமே பேசினாள். மணி அடித்த பிறகுதான் என் பக்கம் வந்தாள்.

"தம்பி, எட்டு நாளுன்னு எழுதுன. பெறவு ரெண்டேகால் மணின்னு எழுதுன. எனக்கு அது ரெண்டும் வேண்டாம். என்னைக்கு வாறன்னு மட்டும் எழுது."

நான் ஏதோ சொன்னேன். இன்ஜின் சத்தத்தில் அவள் காதில் விழவில்லை.

கண்டிக்குத் திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. செல்லத்துக்கு ஆண் பிள்ளை பிறந்திருப்பதாக அத்தான் எழுதியிருந்தார். ஞானஸ்நானத்துக்கு நாள் வைக்க எங்களுக்காகக் காத்திருக்கிறார்களாம். நேற்று லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். இந்தக் குறிப்பு அச்சாகி ஊருக்கு வந்தால் அத்தான் இதையும் கூட்டம் சேர்த்துச் சத்தமாகத்தான் வாசிப்பார். ஆகவே ஒரே அர்த்தம் வருகிறமாதிரி எழுதுகிறேன்.

அக்கா, ஆனி மாதம் முதல் வியாழக்கிழமை வருகிறோம்.